நத்தை மருந்து தூவுமுன் அதன் வாயைப் பாருங்கள்

கேள்வி: இரத்தினபுரியில் எங்கள் வீட்டுத்தோட்டத்தில் கீரையை நத்தை அழிக்கிறது. மரங்களிலும் பெரிய நத்தைகள் ஒட்டியிருக்கின்றன. உரக்கடையில் தந்த குருணை மருந்தைத் தூவலாமா?

பதில்: தூவ வேண்டாம். கீரையைத் தின்பது ராட்சத ஆபிரிக்க நத்தை. மரத்தில் இருப்பது பெரும்பாலும் அகாவஸ். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாத நத்தை அது. மரப்பட்டையில் படியும் பாசி, பூஞ்சணத்தைச் சுரண்டித் தின்னும். உங்கள் கீரைப்பாத்திக்கு வராது.

ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஆபிரிக்க நத்தையின் ஓடு நீண்டு கூராக இருக்கும், நத்தை வெளியே வரும் ஓட்டுவாயின் விளிம்பு மெல்லியது. அகாவஸ் ஓடு உயரத்தைவிட அகலம் கூடியது. விளிம்பு தடித்து வெளியே மடிந்திருக்கும். பலவற்றில் வெற்றிலை போட்ட உதடுபோலச் சிவந்திருக்கும்.

ஆனால் குஞ்சுகளில் இந்த அடையாளம் செல்லாது. வளர்ந்து முடிந்த பிறகுதான் அகாவஸின் விளிம்பு தடிக்கும். விளிம்பு மெல்லியது என்பதற்காக நசுக்கிவிடாதீர்கள். மரத்தில் இருக்கிறதே என்றும் நம்ப முடியாது; ஆபிரிக்க நத்தையும் பகலில் மரமேறும். ஆகவே சிறியதில் ஓட்டின் வடிவத்தைப் பாருங்கள். அதிலும் சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள். ஆபிரிக்க நத்தை ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒன்று தப்பினால் பிறகு பிடிக்கலாம். அகாவஸ் இடுவது சில பெரிய முட்டைகள் மட்டுமே.

அந்தக் குருணை பெரும்பாலும் மெட்டல்டிஹைட் என்ற நத்தைக்கொல்லி. அதற்கு நத்தையில் நல்லது கெட்டது தெரியாது. நாய் தின்றாலும் சாகலாம். “கெட்ட நத்தை மட்டும்தான் சாகும்” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ‘நத்தை ஒழிப்பு’ என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் இரண்டின் படத்தையும் பக்கத்தில் போட்டால் என்ன? விவசாயத்துக்கு ஓர் அலுவலகம், வனஜீவராசிக்கு இன்னொன்று. நடுவில் சாவது அகாவஸ்.

செய்ய வேண்டியது இது. மாலையில் பாத்தியோரம் ஈரச்சாக்கு விரித்து, கீழே பப்பாசி இலை வையுங்கள். விடியற்காலையில் ஆபிரிக்க நத்தைகளைக் கையுறையோடு பொறுக்குங்கள். மூளைக்காய்ச்சல் தரும் புழு அவற்றில் இருக்கலாம். 5 லீற்றர் தண்ணீரில் 1 கிலோ உப்புக் கரைத்த வாளியில் போட்டு, பிறகு நத்தைகளை மட்டும் ஆழப் புதையுங்கள். உப்பை மண்ணில் கொட்டினால் அடுத்த கீரை முளைக்காது.

அகாவஸ் ஓடு வாங்க ஆள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். “செத்த ஓடுதானே” என்பார். செத்துக் கிடந்த ஓடு வெயிலில் வெளுத்து மேல்தோல் உரிந்துவிடும், விலை போகாது. பளபளக்கும் ஓடு பெரும்பாலும் உயிரோடு பிடித்ததிலிருந்து எடுத்தது. அனுமதிப்பத்திரமில்லாமல் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம்.