செவிலியர் வந்தால் வரிசை வழிவிட வேண்டுமா?

கேள்வி: என் மருமகள் அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றுகிறாள். சென்ற மாதம் ஒருநாள் இரவுப் பணி முடிந்து, சீருடையோடு தெருமுனை மளிகைக் கடைக்குப் பாலும் தோசை மாவும் வாங்கப் போயிருக்கிறாள். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்ற நேரம். கடைக்காரர், "சிஸ்டர், நீங்க முன்னாடி வாங்க" என்று கூப்பிட, வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "கொரோனா போய் இத்தனை வருஷமாச்சு, இன்னும் என்ன தனிச் சலுகை? நாங்களும் வேலைக்குப் போறவங்கதானே" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். அவள் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சீருடையை மாற்றாமல் கடைப்பக்கம் போவதே இல்லை. மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்குக் கடை வரிசையில் முன்னுரிமை கொடுப்பது சரியா, தவறா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் மருமகள் யாரிடமும் இடம் கேட்கவில்லை. கடைக்காரர் தாமாகக் கொடுத்தார். அதற்கான சொல்லை மட்டும் இவர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். படிக்கும்போது மனம் சங்கடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெரியவரின் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்த வழக்கம் எதற்காக வந்தது என்பது நம்மில் பலருக்கு மறந்துபோனதால்தான் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் மளிகை, காய்கறிக் கடைகளின் நேரம் படிப்படியாகக் குறைந்தது. முதலில் பிற்பகல் 2.30 மணி வரை என்றார்கள்; ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணிக்கே ஷட்டர் இறங்கியது. காலை ஷிப்டில் இருந்த ஒரு செவிலியர் வார்டை ஒப்படைத்துவிட்டு, கவச உடையைக் கழற்றி, குளித்து, சிறப்புப் பேருந்தில் ஏறித் தம் தெருவுக்கு வந்து சேரும்போது கடை மூடியிருக்கும். இரவுப் பணி முடித்து வருபவருக்கோ, வரிசை தெருக்கோடி வரை நீண்டு காத்திருக்கும். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்ததும், மறுநாள் சனிக்கிழமை ஊரே கடைகளுக்குத் திரண்டது நினைவிருக்கும். அந்தச் சனிக்கிழமை பணியில் இருந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து நிற்கக்கூட வாய்ப்பில்லை. அவர்களுக்கு அன்று நாம் கொடுத்த முன்னுரிமையை மரியாதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நமக்குத் திறந்திருந்த கடை அவர்களுக்கு மூடியிருந்தது என்ற குறையை ஓரளவு சரிசெய்யும் ஏற்பாடாகவே அது இருந்தது.

பிரிட்டனிலும் இதே காரணம்தான். 2020 மார்ச்சில் மக்கள் பயத்தில் பொருட்களை வாங்கிக் குவித்தபோது, நாற்பத்தெட்டு மணி நேரப் பணி முடித்து வந்த தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர், காய்கறியும் பழமும் இல்லாத காலி அலமாரிகளைப் பார்த்துவிட்டு, காருக்குள் அமர்ந்து அழுதபடி பேசிய காணொளி அந்த நாட்டையே உலுக்கியது. அந்த நாட்களிலேயே அங்குள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கின. அங்கே யாரும் யாரையும் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே கதவு திறந்தது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பெரியவரின் கோபத்துக்கு வருகிறேன். அதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. அவரே அதைச் சரியாகச் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் எட்டுப் பேருக்கு முன்னால் ஒருவரைக் கடைக்காரர் அழைத்தால், எட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் இடம் பின்னால் போகிறார்கள். கடைக்காரருக்கு இழப்பு ஏதுமில்லை. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டார்.

இதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது அந்த ஏப்ரல் மாதத்தில்தான். எங்கள் பகுதிக் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நான்காவது வட்டத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். வியர்வையைத் துடைக்க முகக்கவசத்தை ஒரு கணம் இறக்கியபோது, மூக்குத்தண்டின் குறுக்கே தோல் கன்றிச் சிவந்த கோடு தெரிந்தது. பையைப் பிடித்திருந்த விரல் நுனிகள், நெடுநேரம் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. முதல் வட்டத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், என் இடத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்துபோய் வரிசையின் கடைசி வட்டத்தில் நின்றுகொண்டார். அந்தப் பெண் வாங்கியது அரை கிலோ தக்காளியும் இரண்டு பாக்கெட் பாலும்தான். எங்களில் யாருக்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. கொடுத்தவர் ஒருவர், இழந்தவரும் அவர் ஒருவரே. நடுவில் நின்றிருந்த யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்க இடமே இல்லை.

ஆகவே என் பதில் இதுதான். இன்றைக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். கொடுப்பவர் தம் இடத்தைக் கொடுக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் வரிசையைப் பார்த்து, "சிஸ்டர் நைட் டியூட்டி முடிச்சு வர்றாங்க, யாராவது இடம் மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தால், அந்தப் பெரியவரே ஒதுங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணி முடிந்து வருபவரைவிடப் பணிக்குப் போகிறவருக்கே இந்த உதவி அதிகம் தேவை. வார்டில் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்து, நோயாளிகளின் விவரங்களைக் கேட்டுப் பொறுப்பேற்கும் வரை முந்தைய ஷிப்டில் இருப்பவர் நகர முடியாது. கடை வரிசையில் பணிக்குப் போகிறவருக்கு இருபது நிமிடம் போனால், பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த இன்னொருவருக்கும் அங்கே இருபது நிமிடம் போகிறது. அந்தக் களைத்தவரின் கையால் ஊசி போடப்படும் நோயாளிக்கும் அதில் பங்கு உண்டு. பெரியவர் சொன்னதுபோல எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்தாம். ஆனால் தாமதமானால் இன்னொரு மனிதர் அதே இடத்தில் கட்டுண்டு நிற்க வேண்டிய வேலைகள் சிலவே. இந்த நியாயம் வேலை நேரத்துக்கு உரியது. விடுமுறை நாளில் துணிக்கடைக்குப் போகும்போது உங்கள் மருமகளும் மற்றவர்களைப் போல நிற்பதுதான் முறை. அவரும் அதைத்தான் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

சீருடையை மறைத்துக்கொண்டு கடைக்குப் போகும் நிலைக்கு அவர் வந்திருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கைதட்டியவர்கள் நாம். அதே ஆண்டில் நோய் பரவும் என்று பயந்து செவிலியர்களை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னவர்களும் நம்மில் இருந்தார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பலரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது, அவர்கள் போராடித்தான் மாற்றுப் பணி வரை வர வேண்டியிருந்தது. வேலைப் பாதுகாப்பும் போதிய ஆட்களும் கொடுக்காத நாம், மாவுக் கடை வாசலில் ஓர் இடம் கொடுப்பதற்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அவரிடம் சொல்லுங்கள்: சீருடையோடே போகட்டும்.

கேள்வி: மருத்துவமனைக்கு எதிரில் மளிகைக் கடை நடத்துகிறேன். மருத்துவப் பணியாளர்களுக்கென்று தனி வரிசை வைக்கலாம் என்று யோசிக்கிறேன். யார் யாரை அதில் சேர்ப்பது? அடையாள அட்டை கேட்பது மரியாதைக் குறைவாகுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எண்ணம் நல்லது. தனி வரிசை வேண்டாம் என்பேன். தனி வரிசை வைத்தவுடன் யார் மருத்துவப் பணியாளர் என்ற கேள்வி எழும். வெள்ளைக் கோட்டும் செவிலியர் சீருடையும் கண்ணுக்குத் தெரியும். ஆய்வக நுட்புநர், 108 ஓட்டுநர், வார்டைக் கழுவி மருத்துவக் கழிவைச் சுமந்து செல்லும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஆகியோர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் மருத்துவரோடு மருத்துவமனைத் தூய்மைப் பணியாளரும் இருந்தார். தடுப்பூசிக்குச் சரியாக இருந்த அந்தப் பட்டியல் உங்கள் கடைக்கும் சரியாகவே இருக்கும். அட்டை கேட்க வேண்டி வந்தால் எல்லோரிடமும் கேளுங்கள். புடவை வெளுத்திருக்கிறது என்பதற்காகத் தூய்மைப் பணியாளரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கடை வாட்ஸ்அப் எண்ணை எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டுங்கள். பணிக்கு இடையில் பட்டியலை அனுப்பட்டும். நீங்கள் கூட்டமில்லாத வேளையில் கட்டி, பில்லோடு பெயர் எழுதிப் பக்கவாட்டில் வையுங்கள். பணம் கொடுத்துப் பையை எடுத்துக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும். காலையில் கால் மணி நேரம் முன்னதாகக் கடையைத் திறக்க முடிந்தால், இரவுப் பணி முடித்து வருபவர்களுக்கு அது பேருதவி. இரண்டிலும் வரிசையில் நிற்பவர் எதையும் இழப்பதில்லை. உழைப்பு உங்களுடையது, ஆகவே கொடுப்பவரும் நீங்களே.

கேள்வி: 2022-இல் இங்கே இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்றிருக்கிறேன். வைத்தியசாலை ஊழியர்களுக்கு முன்னுரிமை கொடுத்தபோது எனக்குப் பின்னால் நின்றவர்கள் கொதித்துப் போனார்கள். என் தங்கை தாதியாக இருப்பதால் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அது நியாயம்தானா?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: தோசை மாவு வரிசைக்கும் உங்கள் வரிசைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாவுக் கடையில் பின்னால் போனால் நேரம்தான் போகும். உங்கள் ஊரில் அன்று பின்னால் போனால் பெற்றோலே தீர்ந்துபோகும். காருக்குள்ளேயே இரவு படுத்து, ஆட்டோவைத் தள்ளித் தள்ளி முன்னேறி வந்தவர், தமக்கு முன்னால் பவுசர் (எரிபொருள் கொண்டுவரும் தாங்கி வண்டி) காலியாவதைப் பார்க்கும்போது கொதிப்பதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஆட்டோ ஓட்டுபவருக்கு அந்த எரிபொருளே அன்றைய சோறு.

ஆனாலும் உங்கள் தங்கை வைத்தியசாலைக்குப் போய்ச் சேராவிட்டால் பிரசவ வார்டு நடக்காது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு முடிவெடுத்தது அதனால்தான். தவறு முன்னுரிமையில் இல்லை; அதை அதே வரிசைக்குள், அதே பம்புக்கு முன்னால், காத்திருந்தவர் கண்ணெதிரே நடத்தியதில்தான் இருந்தது. அந்தப் பங்கை முன்கூட்டியே பிரித்து, வேறு இடத்தில் கொடுத்திருந்தால் பாதிக் கோபம் எழுந்திருக்காது. பின்னர் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளவு தொடங்கி, வாகன இலக்கத்தின் கடைசி எண்படி நாளும் பிரித்தபோது, தமக்குரியது தமக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை திரும்பியது; வரிசைகளும் குறைந்தன. தமக்கென்று ஒரு பங்கு உறுதியானவர் அடுத்தவருக்கு வழிவிடத் தயங்குவதில்லை. உங்கள் தங்கைக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை; பின்னால் நின்று கொதித்தவர்கள் மீதும் வருத்தம் வேண்டாம்.

கேள்வி: நான் மருத்துவர். மருந்துக் கடையில் என்னைப் பார்த்ததும் முன்னால் கூப்பிடுகிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மருந்துக் கடையில் வேண்டாம், டாக்டர். 2021 ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் கொரோனா நோயாளிகளுக்கான ரெம்டெசிவிர் மருந்துக்காக வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து நின்றவர்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வரிசையில் யாருடைய வீட்டில் யாருக்கு மூச்சு திணறுகிறது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. சாதாரண நாளிலும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் நிற்பவர் காய்ச்சல் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தவராக இருக்கலாம். அறுவை அரங்கிலிருந்து அழைப்பு வந்திருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லி, முன்னால் நிற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நம் ஊரில் யாரும் மறுப்பதை நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் கடைக்காரர் கூப்பிட்டால் கையைக் காட்டி, "இவங்களுக்கு முதல்ல கொடுங்க" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.