கழுத்துத் தண்டுவடக் காயமும் 120-ஐத் தாண்டாத துடிப்பும்

பயிற்சியின்போது உங்கள் தம்பியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டாததால், அதை அளக்கும் கைக்கடிகாரம் பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அது பழுதாகியிருக்க வேண்டியதில்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுமையாகச் சேதமடைந்த உங்கள் தம்பிக்கு, சக்கர நாற்காலி ரக்பி பயிற்சியில் மூச்சிரைக்கும்போதும் துடிப்பு 120-ஐ ஒட்டியே நிற்பது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் மேல்மார்புத் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. காயம் அதற்கு மேலே இருப்பதால் மூளையின் கட்டளை அவற்றை எட்டுவதில்லை. துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்போ மூளையிலிருந்து நேரே இறங்குவதால் வழக்கம்போல் இயங்குகிறது. எனவே இத்தகையோரின் உச்சத் துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 130 வரைதான். உச்சத் துடிப்பைக் கணிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இவருக்குப் பொருந்தாது. அந்த இலக்கை எட்டச் சொல்லி அவரை விரட்டுவது வீண் களைப்பையே தரும்.

ஆயினும், சக்கரத்தைத் தள்ளும் அசைவில் மணிக்கட்டுக் கருவி பிழை காட்டக்கூடும் என்பதால், மார்புப் பட்டைக் கருவியுடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், பயிற்சி எவ்வளவு கடுமையாகத் தோன்றுகிறது என்பதை எண்ணால் குறிக்கும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலின்படி அவரையே மதிப்பிடச் சொல்லி, கூடவே வேகத்தையும் குறித்து வாருங்கள்.

திடீர்த் தலைவலியும் முகச்சிவப்பும் தோன்றினால் மட்டும் இந்த விளக்கத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே பயிற்சியை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய வார்களைத் தளர்த்தி, சிறுநீர் வடியக் குழாய் பொருத்தியிருந்தால் அது அடைபட்டுள்ளதா என்று பார்த்து, மருத்துவரை அழையுங்கள்.