அக்கரை மாட்டைத் துரத்த வேண்டாம்

வணக்கம் நண்பரே. டெக்சாஸில் டெல் ரியோ ஊருக்குக் கீழே ஆற்றோரம் 12 மாடு வைத்திருப்பதாகவும், எல்லை ஆறான ரியோ கிராண்டேயில் தண்ணீர் குறைந்ததும் மெக்சிகோ பக்கத்து மாடு ஒன்று இறங்கி வந்து அவற்றோடு மேய்வதாகவும், துரத்தி விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

துரத்தாதீர்கள். முடிந்தால் தனிப் பட்டியில் அடைத்துவிட்டு, இன்றைக்கே டெக்சாஸ் கால்நடை நல ஆணையத்துக்குப் போன் செய்யுங்கள். குதிரையில் ஆற்றோரம் ரோந்து வரும் 'டிக் ரைடர்' (உண்ணி ரோந்து) ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு மாட்டுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் அக்கரை மாட்டில் மாட்டுக் காய்ச்சல் உண்ணி ஒட்டியிருக்கலாம். அந்த உண்ணி சுமக்கும் கிருமி மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். எதிர்ப்பு சக்தி இல்லாத மாடு சில நாளிலேயே விழுந்துவிடும். இந்த உண்ணியை 1906-இல் ஒழிக்கத் தொடங்கி 1943-இல் அமெரிக்கா முழுக்க முடித்தார்கள். டெல் ரியோவிலிருந்து கடல் வரை ஆற்றோரப் பட்டை மட்டும் இன்றும் நோய்த் தடுப்புக்கான தனிமைப்படுத்தல் (குவாரண்டைன்) பகுதி.

அப்புறம், உங்கள் மாடுகளையும் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. தொடை இடுக்கு, மடி, அலைதாடி, வாலடி எல்லா இடத்திலும் விரல் நுனியால் மயிருக்கு எதிராகத் தடவினால் கேழ்வரகு மாதிரி நெருடும். கிடைத்ததை நசுக்காமல் சின்னக் குப்பியில் போட்டு வையுங்கள், சோதிக்க வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

உண்ணி உறுதியானால் உங்கள் மாடுகளையும் நகர்த்தவோ விற்கவோ விடமாட்டார்கள். மருந்துக் குளியல் திரும்பத் திரும்ப நடக்கும். கஷ்டம்தான், ஆனாலும் மறைக்காதீர்கள். வேலியை மதிக்காத வெள்ளைவால் மான் அதே உண்ணியைப் பக்கத்துப் பண்ணைக்கும் சுமந்துபோகும்.