கொட்டாத குளவி

கேள்வி: வெளிநாட்டிலிருந்து நுழைந்த நாற்றப்பூச்சியை அடக்க இன்னொரு வெளிநாட்டுக் குளவியை விடுகிறார்களாமே? மருந்தடித்தால் போதாதா? குளவி ஆளைக் கொட்டாதா? நாளைக்கு அதுவே தொல்லையாகிவிட்டால்?
– ஒரு வாசகி

பதில்: கொட்டாது. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். நீங்கள் சொல்லும் சாமுராய் குளவி எள்ளை விடச் சிறியது. அதன் கொடுக்கு முட்டையிடுவதற்குத்தான்.

சீனா, ஜப்பான், கொரியாவைச் சேர்ந்த அந்தப் பழுப்பு நாற்றப்பூச்சி, 1990-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தலைகாட்டியது. 2010-ல் கிழக்குப் பகுதி ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் ஏறக்குறைய 3.7 கோடி டாலர் நஷ்டம். மருந்தடிக்காமலா இருந்தார்கள்? அடித்தார்கள். ஆனால் பக்கத்துக் காட்டு மரங்களிலிருந்து பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. நடுவே தொல்லைப் பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியும் செதில் பூச்சியும் பெருகின.

குளவி செய்யும் வேலையே வேறு. நாற்றப்பூச்சி இலையின் அடியில் சுமார் 28 முட்டைகளைக் கொத்தாக இடும். தாய்க்குளவி ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையைச் செலுத்தி, 'இது முடிந்தது' என்பதுபோல் மேலே கீறி அடையாளம் வைக்கும். அப்புறமும் போகாது; வேறு குளவி நெருங்காதபடி அங்கேயே நின்று காவல் காக்கும். உள்ளே குளவிப்புழு நாற்றப்பூச்சியின் கருவைத் தின்று வளரும். ஆண் குளவிகள் முதலில் வெளியே வந்து பெண்களுக்காகக் காத்திருக்கும். அமெரிக்காவின் சொந்தக் குளவிகளும் இந்த முட்டைகளில் முட்டையிடுகின்றன. ஆனால் அந்தக் குளவிகளின் குஞ்சுகள்தான் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இதைப் பூட்டிவைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, 2014-ல் மேரிலாந்தில் வெளியே காணப்பட்டது. மரபணுவைப் பார்த்தால், அது ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பியதல்ல. தானாகவே வந்து சேர்ந்தது. மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் உள்ளூர் நாற்றப்பூச்சிகள் சிலவற்றின் முட்டைகளையும் இது தாக்கும் என்று சோதனைகள் காட்டின. அந்த நஷ்டத்தைச் சிறியதென்று தள்ள எனக்கு மனமில்லை. அதனால் நியூசிலாந்து செய்ததுதான் சரி என்பேன்: நாற்றப்பூச்சி அங்கே வேரூன்றும் முன்பே குளவியை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டும் விட 2018-ல் நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். இத்தாலி 2020-ல் விடவே தொடங்கிவிட்டது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாற்றப்பூச்சி முட்டைகளைப் பார்த்ததும் நசுக்காதீர்கள். வெளிறிய முட்டைகள் கருத்திருந்தால் உள்ளே குளவி இருக்கக்கூடும். காலி ஓடுகளையும் பாருங்கள்: மூடி ஒழுங்காகத் திறந்திருந்தால் வந்தது நாற்றப்பூச்சிக் குஞ்சு, கடித்த மாதிரி ஓரம் கிழிந்த ஓட்டை இருந்தால் குளவி. கருத்த கொத்தை இலையோடு அப்படியே விட்டுவிடுங்கள்.