பேனா கடைய லேத் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கலர் கலரான ரெசின் கட்டைகளைக் கடைந்து பேனா செய்யும் வீடியோக்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் 4,500 ரூபாய்க்கு ஒரு குட்டி லேத் இருக்கிறது, 24,000 ரூபாய்க்கு இன்னொன்று. பேனா சின்னப் பொருள்தானே, சின்ன லேத்தே போதாதா?

பதில்: போதாது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 24 வோல்ட் அடாப்டரில் ஓடும், மணி கடைகிற எந்திரம். மாலைக்கு மணி உருட்ட நன்றாக இருக்கும். பேனாக் கட்டையில் உளியை வைத்தால் மோட்டார் முக்கி நின்றுவிடும்.

பேனா எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். சுமார் 2 செ.மீ. சதுரத்தில் 13 செ.மீ. நீளக் கட்டையை இரண்டாக அறுத்து, நீளவாக்கில் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருக வேண்டும். மெல்லிய ரகப் பேனாவுக்கு 7 மி.மீ. துளை. அப்புறம் மாண்ட்ரல் என்கிற கம்பியில் இரண்டு துண்டையும் கோத்து, இடையிடையே புஷ் என்கிற உலோக வளையம் போட்டு, புஷ்ஷின் கனத்துக்குக் கடைய வேண்டும். பிறகு உப்புத்தாள், பாலிஷ், கடைசியில் கிளிப்பும் முனையும் வைத்து அழுத்துவது. வீடியோவில் அழகாகத் தெரியும் உளி வேலை கொஞ்ச நேரம்தான். நேராகத் துளை போடுவதில்தான் பேனாவின் தலையெழுத்து இருக்கிறது. மணி எந்திரத்தில் அதற்கு வழியே கிடையாது.

24,000 ரூபாய் லேத்திலும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கட்டையைச் சுழற்றும் முன்தலை, மறுமுனையைத் தாங்கும் பின்தலை இரண்டிலும் உள்நோக்கிக் குறுகிப் போகும் ஓட்டை. மோர்ஸ் டேப்பர் என்பார்கள். வாய் 12 மி.மீ. அளவில் இருந்தால் 1-ஆம் எண், கிட்டத்தட்ட 18 என்றால் 2-ஆம் எண். மாண்ட்ரல், துளைக்கும் அலகைப் பிடிக்கும் டிரில் சக் எல்லாம் இந்த எண்ணுக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டு தலையிலும் 2 இருந்தால் நல்லது. அடுத்தது, இரு பக்கமும் கூர்முனை செருகிப் பின்தலையை முன்னே தள்ளச் சொல்லுங்கள். இரண்டு முனையும் மூக்கோடு மூக்கு இடிக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பேனா ஒரு பக்கம் தடித்துத்தான் வரும். பிறகு வேகம்: கடைய நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வேண்டும், துளை போட அதில் கால்வாசி போதும். ரெசினில் வேகமாகத் துளைத்தால் சூட்டிலேயே விரிசல் விடும். ஆகவே வேகம் மாற்ற வசதி இல்லாத லேத் வேண்டாம். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் 110 வோல்ட் மோட்டாரா என்று கேட்டுவிடுங்கள்.

லேத் விலையோடு செலவு முடியாது. உளி, சாணைக்கல், சக், மாண்ட்ரல், முனை சீவும் கட்டர் எல்லாம் தனி. பாதி விலையையாவது இதற்கு ஒதுக்கி வையுங்கள். குழாய், கிளிப், முனை எல்லாம் சேர்ந்து வரும் பேனா கிட்டில் ரகத்துக்கு ரகம் துளை அளவும் புஷ்ஷும் மாறும். முதல் பத்துப் பேனாவும் ஒரே ரகமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பேனாவை விட புஷ்தான் வீட்டில் அதிகம் கிடக்கும்.

மலைக்காரர்களுக்கு இன்னும் சில. பளபளப்புக்கு ஃபெவிக்விக் ரகப் பசையை மேலே பூசுகிறார்கள். அது காற்றின் ஈரத்தில் இறுகுவது. மேகம் இறங்கிய நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் அடிக்கும் மதியமாகப் பாருங்கள். குழாய் ஒட்டும் எபாக்சி குளிரில் மெதுவாகத்தான் இறுகும், மறுநாள் வரை தொடாதீர்கள். மப்ளர், தொளதொள ஸ்வெட்டர், கையுறை எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. சுற்றும் கட்டை இழுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம்.

கலர் ரெசினைக் காசு கொடுத்து வாங்கும் முன் சில்வர் ஓக், சீகைத் துண்டுகளில் கை பழகுங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காயும்போது முறுக்கிப் பிளந்துகொள்ளும். எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள். அது கெட்டி மரம், நன்றாகக் காயவைத்தால் ரெசினை விட எனக்குப் பிடித்த பேனா அதில்தான் வரும். ஈட்டி, சந்தனம் மட்டும் ரசீது இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சின்னத் துண்டாக இருந்தாலும் சரி.

கேள்வி: குன்னூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு இணையக் கடையில் லேத்தும் மாண்ட்ரலும் சேர்த்து வாங்கினேன். ‘இந்த லேத்துக்குப் பொருந்தும்’ என்றே போட்டிருந்தார்கள். வந்த மாண்ட்ரல் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. கேட்டால், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். சென்னைக்கு அலைந்து கேஸ் போட என்னால் ஆகாது.

பதில்: உங்கள் லேத் 1-ஆம் எண், வந்தது 2-ஆம் எண் மாண்ட்ரல். நேர்மாறாக இருந்தால் இடையில் ஸ்லீவ் என்கிற உறை ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், இதற்கு வழியில்லை. அரத்தால் தேய்த்து நுழைக்கப் பார்க்காதீர்கள், நியாயம் கேட்கிற பொருளே போய்விடும்.

பிரிக்காமல் பொருந்துமா என்று யாருக்குத் தெரியும்? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ‘பொருந்தும்’ என்ற வரியோடு அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி இருக்காது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

சென்னைக்குப் போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், அதாவது ஊட்டியில். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். ஒரு மாண்ட்ரலுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் 1915 வரை கட்டாயம் போவேன்.

கேள்வி: மகன் கல்யாணத்தில் கொடுக்க, ஊட்டியில் கையால் கடைந்த மரப் பேனா 40 வாங்கினோம். 28 கொடுத்தாயிற்று. இப்போது ரீஃபில் தீர்ந்துவிட்டது என்று ஆளாளுக்குப் போன் செய்கிறார்கள். கடையில் கேட்டால் எந்த ரீஃபிலும் சேரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று இல்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மெல்லிய ரகக் கிட்களுக்கு கிராஸ் வகை ரீஃபில்தான் சேரும். ஒல்லியாக, தலையில் பிளாஸ்டிக் திருகோடு இருக்கும். நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது தடித்த பார்க்கர் வகை, 98 மி.மீ. நீளம். இனி வாங்கும்போது பார்க்கர் ரீஃபில் ஏற்கும் பேனாவா என்று கேட்டு வாங்குங்கள்.

போன் செய்கிறவர்களிடம் பேனாவைத் திருகித் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு பாதியையும் நேராக இழுத்தால் பிரிந்துவிடும், உள்ளே இருக்கும் ரீஃபிலைத்தான் திருகிக் கழற்ற வேண்டும். கிராஸ் வகை என்று தேடினால் இணையத்தில் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதல். மொத்தமாக வாங்கி, மீதி 12 பேனாவோடு ஆளுக்கு ஒரு ரீஃபிலும் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.