பேரை அப்புறம் பாத்துக்கலாம், புலவர் எதை முழுங்கினார்னு பாருங்க

கே: உவமை, உருவகம், ஏகதேச உருவகம், பிறிது மொழிதல்னு செய்யுளுக்கு அழகு சேர்க்கற அணிகள் எல்லாம் பரீட்சை ஹால்ல ஒண்ணா கலந்துடுது சார். ஈஸியா பிடிக்க வழி இருக்கா? (ப்ளஸ் டூ மாணவி, கோவில்பட்டி)

ப: இருக்கும்மா. புலவர் எதைச் சொல்லாம முழுங்கிட்டார்னு மட்டும் பாரு, மூணு குறள் போதும். 151ஆவது குறள், 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல'. தோண்டுறவனையே தாங்குற நிலமும் இருக்கு, இகழ்றவங்களைப் பொறுத்துக்கறதும் இருக்கு, நடுவுல 'போல'வும் இருக்கு, எதையும் ஒளிக்கல, அதனால உவமை. 10ஆவது குறள்ல 'பிறவிப் பெருங்கடல்'னு வருது, 'போல' காணோம், பிறவியே கடலாயிடுச்சு, அது உருவகம். ஆனா பிறவியைக் கடலாக்கினவர் இறைவன் அடியைத் தெப்பம்னு சொல்லவே இல்ல பாரு, அந்தப் பாதியை நம்மகிட்ட விட்டுட்டார், அதனாலதான் அது ஏகதேச உருவகம். 475ல இன்னும் மோசம், மயிலிறகு ஏத்தின வண்டின்னாலும் அளவுக்கு மேல ஏத்தினா அச்சு முறிஞ்சிடும்னு சொல்லிட்டுப் போயிடறார். அதிகாரமோ வலியறிதல், சொல்ல வந்தது சின்னச் சின்ன எதிரிங்க ஒண்ணு சேர்ந்தா பெரிய அரசனும் காலிங்கறது, அதைப் பத்தி குறள்ல ஒரு சொல்கூட இல்ல! வெறும் வண்டி மட்டும்தான். இது பிறிது மொழிதல்.

கே: அப்போ உள்ளுறை உவமமும் அதேதானே, எதுக்கு ரெண்டு பேர்?

ப: சொல்லாம விடறதுல ரெண்டும் ஒண்ணுதான், ஆனா உள்ளுறை அகப்பாட்டோட, அதாவது காதல் பாட்டோட சொத்து. அந்த நிலத்துக் கருப்பொருளை, அதாவது மரம், மீன், பறவை மாதிரி விஷயங்களை வச்சுத்தான் கட்டணும், தெய்வத்தை மட்டும் தொடக்கூடாதுன்னு தொல்காப்பியம் கண்டிஷனே போட்டிருக்கு. குறுந்தொகை 8ஆவது பாட்டைப் படிச்சுப் பாருங்க, ஆலங்குடி வங்கனார் எழுதினது, தலைவி தன்னைத் திட்டினான்னு கேள்விப்பட்ட பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டுட்டுத் தேடிப் போற பொண்ணு, பேசறா. வயலோரத்து மாமரத்துல பழுத்துத் தானா விழற பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுற ஊர்க்காரன் அந்தத் தலைவன்னு ஆரம்பிக்கறா. ஊர் வர்ணனைன்னு தாண்டிப் போயிடாதீங்க, 'நான் ஒண்ணும் மரம் ஏறிப் பறிக்கல, அவனே வந்து விழுந்தான்'னு தலைவிக்குக் குடுத்த பதில் அது. அதே வாயால அடுத்து, அவன் எங்க வீட்டுல பெரிய பேச்சு பேசிட்டுத் தன் வீட்டுக்குப் போனா, கையையும் காலையும் தூக்கினா தானும் தூக்குற கண்ணாடி பிம்பம் மாதிரி தன் மகனோட அம்மாவுக்கு, அதாவது மனைவிக்கு ஆடறான்னு நேரடியாவே 'போல' போட்டுக் கிழிக்கறா. தன் பக்க நியாயத்தை மறைச்சும் அவனை நக்கல் பண்றதை வெளிப்படையாவும் வச்சிருக்கா, எனக்கு அந்தப் பாட்டுல ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

கே: மொத்தம் எத்தனை அணி?

ப: அணி இலக்கண நூலான தண்டியலங்காரக் கணக்குல பொருளணி, அதாவது பொருளால அழகு சேர்க்கற அணி மட்டும் 35, தன்மையில ஆரம்பிச்சு பாவிகத்துல முடியும். உவமைக்குள்ளயே ஏகப்பட்ட பிரிவு இருக்கு, அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க பாத்துக்கட்டும்.

கே: சிலப்பதிகாரத்துல, காத்துல கொடி ஆடினதுக்குப் போய் தற்குறிப்பேற்றம்னு இவ்ளோ பில்டப் தேவையா?

ப: எந்த இடத்துல ஆடுச்சுன்னு பாருங்க சார். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் பக்கத்துல வந்துட்டாங்க, மதில் மேல இருக்கற கொடி 'வாரல் என்பனபோல்' கை காட்டுதுன்னு இளங்கோ எழுதறார். கொடி ஆடறது காத்தால, 'வராதே'ங்கறது இளங்கோ ஏத்தி வச்ச குறிப்பு, இப்படி இயல்பா நடக்கறதுமேல புலவர் தன் கருத்தை ஏத்தறதுதான் தற்குறிப்பேற்றம். கோவலனுக்கு மதுரையில என்ன ஆகப்போகுதுன்னு நமக்குத் தெரியும், கொடிக்கும் தெரிஞ்சிருக்கு, தெரியாம நடந்து போறது அவங்க ரெண்டு பேர் மட்டும்தான். இதே கொடியை ஜெயிச்சுட்டுத் திரும்பற ராஜாவைப் பாத்து 'வா வா'ன்னு கூப்பிடற மாதிரியும் எழுதலாம், அதுவும் தற்குறிப்பேற்றம்தான்.