இரண்டாவது மூட்டு நிலைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. 2008-இல் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, உலோகப் பந்தும் உலோகக் கிண்ணமும் பொருத்தினார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தொடை இடுக்கில் வலி. பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று வந்தாலே காலை இழுத்து இழுத்து நடக்கிறார். இரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 11 மைக்ரோகிராம் இருக்கிறது. ஸ்கேனில் மூட்டைச் சுற்றி நீர் கோத்த கட்டி தெரிகிறது. மூட்டை மாற்றச் சொல்கிறார்கள். முதல் மூட்டே கெட்டுப்போன நிலையில் இரண்டாவது நிலைக்குமா? பொங்கல் வரை தள்ளிப்போடலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: முதல் மூட்டு கெட்டதற்கு உங்கள் அம்மாவின் உடம்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள தசையைப் பாழாக்குகின்றன. அந்தக் கட்டியும் அதனால் வந்ததாகவே தோன்றுகிறது. மறு அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் பீங்கான் பந்தும் பாலித்தீன் உள்ளுறையும் (மளிகைக் கடைப் பை அல்ல, தேய்மானம் தாங்கும்படி கடினமாக்கப்பட்டது) வைப்பதால், அந்த உரசல் நின்றுவிடுகிறது. கோபால்ட் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். குரோமியம் இறங்கக் கூடுதல் காலம் எடுக்கும்.

ஆனால் அம்மா எப்படி நடப்பார் என்பதைப் புதிய மூட்டைவிட, மிஞ்சியிருக்கும் தசையே தீர்மானிக்கும். இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசை அரிபட்டிருந்தால், வலி தணிந்த பிறகும் சாய்ந்த நடை மாறாமல் போகலாம். பந்து கிண்ணத்திலிருந்து நழுவும் அபாயமும் கூடும். மூட்டின் மேற்பரப்பை மட்டும் உலோகத்தால் மாற்றிக்கொண்டவர்களைப் பற்றி ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கட்டிக்காக மறுசிகிச்சை பெற்றவர்களின் நிலை, வேறு காரணங்களுக்காகப் பெற்றவர்களைவிடத் தெளிவாகவே மோசமாக இருந்தது. ஆகவே, வலியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்பதற்காகத் தள்ளிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 7 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்கச் சொன்னது. உங்கள் அம்மாவுக்குக் கட்டியும் இருக்கிறது.

மருத்துவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். தசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டு உறுதியாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாமா? நழுவலைத் தடுக்க, இரட்டை அசைவுக் கிண்ணம் (சிறிய பந்து பெரிய பந்துக்குள்ளும், பெரிய பந்து கிண்ணத்துக்குள்ளும் சுழலும் வகை) பொருந்துமா? மூட்டு நீரை எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்தாயிற்றா? உலோகத் துகளால் கலங்கிய நீர் பார்வைக்குச் சீழ் போலவே இருக்கும் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது. இரண்டாவது கருத்துக்கு ஜிப்மர் போன்ற பெரிய எலும்பியல் பிரிவுக்குச் சென்று வாருங்கள். ஆண்டுக்கு எத்தனை மறுசிகிச்சை செய்கிறார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எந்த நிறுவனத்தின் எந்த வகைச் செயற்கை மூட்டு என்பதை நீங்கள் எழுதவில்லை. 2008-ஆம் ஆண்டின் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இருக்கும். 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழும நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். வகையாக இருந்தால், இந்திய அரசு 2018-இல் இழப்பீட்டு வழிமுறை ஒன்றை வகுத்திருக்கிறது. அதற்கு அந்த ஸ்டிக்கரே முக்கியச் சான்று. தாளைத் தேடி எடுத்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.